நான் ஓடாத பத்து கிலோமீட்டர்

முதலில் ஒரு வேண்டுகோள். மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியதல்லவா? கழுத்தில் மெடல், கையில் கோப்பை, முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு — நான்தான். அதைப் பார்த்துவிட்டு 'இந்த வயதிலும் இப்படியா' என்று வாழ்த்து அனுப்பிய வாசக நண்பர்கள் எல்லோரும் தயவுசெய்து அந்த வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

தனித்தனியாகப் பதில் எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை, அவ்வளவு வாழ்த்து. இருபது வருடமாக இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன், எழுத்துக்காக ஒருநாளும் இத்தனை பேர் பாராட்டியதில்லை. ஒரு வாசகி 'உங்கள் ஃபிட்னஸ் ரகசியம் என்ன சார்?' என்று கேட்டிருந்தார்.

ரகசியம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள்தான் நான் எழுத்தாளன். மற்ற ஆறு நாளும் ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. லைனில் இருந்து வரும் பீஸை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், தலைமுடி அளவு கூடிவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். இருபத்தேழு வருடமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கும் வேலை. இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

இந்த முறை எங்கள் கம்பெனி மாரத்தானில் கலந்துகொண்டது.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினால்தான் மாரத்தான் என்பது உலக வழக்கம். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கெடுபிடி கிடையாது. பத்து கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான்தான், பனியன் போட்டுக்கொண்டு ஏரிக்கரையை ஒரு சுற்று நடந்தாலும் மாரத்தான்தான். இது பத்து கிலோமீட்டர் ரகம்.

பேரிகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மாநில எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய திராட்சைத் தோட்டம். நாம் வாங்கித் தின்னும் பந்தல் திராட்சை அல்ல. கம்பியில் வரிசை வரிசையாக ஏற்றிவிட்ட பொடித் திராட்சை, வைன் செய்வதற்கென்றே வளர்ப்பது. தோட்டத்துக்காரர்கள்தான் ஓட்டத்தை நடத்தினார்கள். தமிழ்நாட்டில் ஆரம்பம், கர்நாடகாவில் முடிவு. ஓடி முடித்தவர்களுக்கு ஒரு மெடல், ஒரு டிபன், ஒரு கோப்பை வைன். அதாவது மூச்சு வாங்குவது இந்த மாநிலத்தில், தாகம் தீர்வது அந்த மாநிலத்தில்.

எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் ரமேஷ், சேலத்துக்காரர், நல்ல மனிதர். நோட்டீஸ் போர்டில் இரண்டு அறிவிப்பு ஒட்டினார். ஒன்று, ஓட்டத்தை முடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒருநாள் காம்ப்-ஆஃப், அதாவது சம்பளத்தோடு லீவு. இரண்டாவது, கம்பெனியின் விளையாட்டு அணியில் பெண்களுக்கு ஒரு இடம் காலி. இந்த ஓட்டத்தில் நம் கம்பெனிப் பெண்களில் முதலாவதாக வருபவருக்கு அந்த இடம்.

முதல் அறிவிப்பை நான் படித்தேன். இரண்டாவதை மஞ்சுளா படித்தாள்.

மஞ்சுளா எங்கள் லைனில் அசெம்பிளியில் இருக்கும் பெண். இருபத்திரண்டு வயது. பேரிகைப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ். கான்ட்ராக்ட் தொழிலாளி. பதினோரு மாதம் வேலை, அப்புறம் 'பிரேக்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பக் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. விளையாட்டு அணியில் சேர்ந்தால் கான்ட்ராக்ட் கிடையாது, நேரே கம்பெனி ரோல், நிரந்தர வேலை. ஸ்கூல் படிக்கும்போது மாவட்ட அளவில் ஓடியவள்.

"எனக்கு இன்னும் பன்னண்டு நாள்தான் இருக்குது சார்" என்றாள் ஒருநாள், நான் அவள் பீஸை அளந்துகொண்டிருந்தபோது. "பதினோரு மாசம் ரொம்பிடும். அதுக்குள்ள இந்த ஓட்டம் வந்திச்சு. நல்லதாப் போச்சி."

"தினமும் ஓடுறியா?"

"காலைல நாலரைக்கு எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸு ஏர்றேன் சார்."

நானும் பயிற்சி எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். கேன்டீனில் மூவர் கூடிப் பேசியதைப் பயிற்சி என்று ஒத்துக்கொண்டால், எடுத்தேன். நான், தங்கபாண்டி, பசவராஜ். தங்கபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக இங்கே மெஷின் ஆபரேட்டர். பசவராஜ் உள்ளூர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். வீட்டில் சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வேறு. மூவருக்கும் தொப்பை, மூவருக்கும் காம்ப்-ஆஃப் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் செய்ததன் அருமை புரியாது.

முன்பெல்லாம் கம்பெனி வாசலில் பஞ்ச் கார்டு. ஆளுக்கொரு அட்டை, மெஷினில் செருகினால் 'டக்'கென்று நேரம் விழும். பஸ் தாமதமா? நண்பன் நம் கார்டையும் சேர்த்து அடித்துவிடுவான். நாளைக்கு அவனுக்கு நாம். இதை யாரும் தப்பு என்று நினைத்ததே இல்லை. ஒருவருக்கொருவர் செய்யும் மரியாதை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி. பிறகு முகத்தைப் பார்த்து வருகை பதிகிற மெஷின் வந்தது. முகத்தை எப்படி நண்பனிடம் கொடுத்தனுப்புவது? அந்த நாகரிகம் அத்தோடு போயிற்று.

ஓட்டத்தன்று விடியற்காலை, பேரிகைக்கு வெளியே மைதானத்தில் நிற்கிறோம். ஆளுக்கு ஒரு நம்பர் அட்டை, ஷூ லேஸில் கட்டிக்கொள்ள வட்டமாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் வில்லை. டைமிங் சிப். ஆரம்பத்தில் ஒரு பாய், ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு பாய், முடிவில் ஒரு பாய் விரித்திருப்பார்களாம். அதன்மேல் மிதித்துக்கொண்டு போனால் சிப் தானாக நேரத்தைப் பதிந்துகொள்ளும்.

தங்கபாண்டி வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"சார்... இது நம்ம பழைய பஞ்ச் கார்டுல்ல?"

இப்படித்தான் ஆரம்பித்தது. யார் முதலில் மஞ்சுளாவின் பெயரைச் சொன்னது என்று நாங்கள் மூவரும் இன்றுவரை அடுத்தவரைக் கைகாட்டுகிறோம். ஆனால் மூன்று வில்லைகளையும் வாங்கிக்கொண்டு அவளிடம் போனது நான். அதில் சந்தேகமில்லை.

அவள் ஒரு ஓரமாகக் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சுளா, இதைக் கொஞ்சம் பாக்கெட்ல போட்டுக்கம்மா. மூணும் சேர்ந்தாலும் ஒரு பிஸ்கட் வெயிட்டுதான்."

அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாதில்ல சார்?" என்றாள்.

"என்ன ஆகப்போகுது? நாங்க மெதுவா நடந்து வந்துடுவோம். நேரம் மட்டும் விழணும்."

வாங்கிக்கொண்டாள். அப்போது அதில் எதுவும் தோன்றவில்லை எனக்கு. சின்னப் பெண், பெரியவர்கள் கேட்டால் மறுக்கமாட்டாள், தங்கமான பிள்ளை — இப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு விசில். நூற்றுக்கணக்கான கால்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் கண்ணைப் பறிக்கும் ஷூவும் கருப்புக் கண்ணாடியுமாகப் பறந்தார்கள். உள்ளூர் ரோஜாத் தோட்டத்துப் பையன்கள் சிலர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் மூவரும் கையை வீசிக்கொண்டு முதல் திருப்பம்வரை ஓடினோம். உண்மையாகவே ஓடினோம், இதற்குச் சாட்சி உண்டு. திருப்பத்தில் ஒரு டீக்கடை.

டீயும் போண்டாவும். போண்டா சூடாக இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. எதிரே ஓட்டக்காரர்கள் மண்பாதையில் இறங்கிக் கொள்ளு வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். தார் ரோட்டில் தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று வந்தது. எல்லை தாண்டி மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. டிரைவரை பசவராஜுக்குத் தெரியும். பசவராஜுக்கு அந்த ரோட்டில் யாரைத் தெரியாது? கன்னடத்தில் இரண்டு வார்த்தை. அடுத்த நிமிடம் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள்.

ஃபிட்னஸ் ரகசியம் கேட்ட வாசகிக்கு: தக்காளி டெம்போ, பின்பக்கம், இடதுபுறம்.

தோட்டத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால் இறங்கி, வேலி ஓரமாக நடந்து, கழிப்பறைக்குப் பின்பக்கமாக உள்ளே நுழைந்தோம். தங்கபாண்டி ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். "வேர்த்த மாதிரி இருக்கணும்ல சார்" என்றான். எனக்கும் கொஞ்சம் ஊற்றினான். தண்ணீர்ப் பந்தல் அருகே மஞ்சுளா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள், சட்டை முழுக்க நனைந்திருந்தது. அது தண்ணீர் இல்லை.

"நம்ம கம்பெனி பொம்பளைங்கள்ல நான்தான் சார் மொதலு" என்றாள், மூச்சுக்கு நடுவே. "எனக்குப் பின்னாடி ரொம்ப நேரம் யாரையும் காணோம்."

கைகொடுத்தேன். வில்லைகளை வாங்கிக்கொண்டோம். கவுன்டரில் வில்லையைக் கொடுத்தால் மெடலும் வைன் கூப்பனும் கொடுத்தார்கள். எல்லாம் சுபம்.

வைன் பற்றி இரண்டு வரி எழுதாவிட்டால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு இளைஞர் கோப்பையின் அடியில் விரற்கடை அளவு ஊற்றினார். சுற்ற வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், பிறகு நாக்கில் உருட்ட வேண்டும் என்று பாடம் நடத்தினார். பாடம் முடிவதற்குள் தங்கபாண்டி கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, "தொட்டுக்க ஒண்ணும் இல்லையா தம்பி?" என்றான். பசவராஜ் முகத்தைச் சுளித்தார். "எங்க தோட்டத்து திராட்ச இப்படிப் புளிச்சா யாவாரி லோடே எடுக்கமாட்டான் சார். இவங்க புளிச்சதுக்கு மெடலு குடுக்கறாங்க."

நான் மட்டும் சுற்றினேன், மோந்தேன், உருட்டினேன். பக்கத்தில் பெங்களூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா?

பரிசளிப்பு ஆரம்பித்தது. நாங்கள் கடைசி வரிசையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேடையில் பெயர் பெயராகக் கூப்பிடுகிறார்கள். நமக்கென்ன என்று நான் சட்னி கேட்டுக்கொண்டிருந்தபோது மைக்கில் என் பெயர் கேட்டது.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு. முதல் பரிசு. நாற்பத்தெட்டு நிமிடம் பதினொரு விநாடி.

நண்பர்களே, பஞ்ச் கார்டு, ஆள் வந்தாரா வரவில்லையா என்பதை மட்டும்தான் சொல்லும். யார் முந்தி வந்தார் என்று வரிசைப்படுத்தி, வயது வாரியாகப் பிரித்து, மேடைக்குக் கூப்பிடாது. இந்தச் சின்ன வித்தியாசம் எங்கள் மூவரின் மொத்த அனுபவத்துக்கும் எட்டவில்லை. மஞ்சுளாவின் வேகத்தில் தங்கபாண்டியும் பசவராஜும் அவரவர் பிரிவில் எங்கோ நடுவில் இருந்தார்கள். நான் மட்டும் ஐம்பதைத் தாண்டிய பாவத்துக்கு முதலிடம்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கால் தானாக எழுந்து போனது. அன்று அது செய்த ஒரே சுறுசுறுப்பான காரியம். ரமேஷ் ஓடிவந்து போட்டோ எடுத்தார், அந்தப் போட்டோதான். தொகுப்பாளர் நான் எழுத்தாளர் என்று யாரோ சொல்லக் கேட்டு, "சார், நாலு வார்த்தை" என்று மைக்கை நீட்டினார்.

பேசினேன். இதை எழுதவே கூசுகிறது. 'ஒழுங்கு' என்று ஆரம்பித்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உழைத்தால் உடம்பு நம் சொல்லைக் கேட்கும் என்றேன். குறுக்குவழி கிடையாது என்றேன். கைத்தட்டல். தக்காளிச் சாறு என் பேன்ட்டின் பின்பக்கம் காய்ந்துகொண்டிருந்தது.

கீழே இறங்கும்போது மேடைப் படிக்கட்டின் அருகே மடிக்கணினியோடு ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் காவ்யா, ஓட்டத்தின் பொறுப்பாளர். கன்னட வாசனையோடு தமிழ் பேசினார்.

"சார், ஒரு நிமிஷம். அஞ்சாவது கிலோமீட்டர்ல நாலு பேரும் ஒரே செகண்ட். முடிவுலயும் நாலு பேரும் ஒரே செகண்ட். போட்டோல ஒரு ஹுடுகி, ஒரே பொண்ணு மட்டும்தான் இருக்கா. மிச்ச மூணு பேர் எல்லி, எங்க?"

திரையில் மஞ்சுளா. பாயின்மேல் ஒரு கால், காற்றில் ஒரு கால், பின்னால் வெறும் மண்பாதை.

ரமேஷ் மஞ்சுளாவைக் கூப்பிட்டார். காவ்யா விதிமுறைத் தாளை எடுத்து நீட்டினார். எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள், நாங்கள் அதில் போண்டாவின் எண்ணெயை ஒற்றியிருந்தோம். அடுத்தவர் சிப்பை எடுத்துக்கொண்டு ஓடினால் கொடுத்தவர், ஓடியவர் எல்லோருடைய ஓட்டமும் ரத்து. ஓட்டம் ரத்தானால் மஞ்சுளா கம்பெனிப் பெண்களில் முதலாவது இல்லை. அணி இல்லை. பன்னிரண்டு நாளும் இப்போது நான்கு நாளாகக் குறைந்திருந்தது.

"யாரும்மா கொடுத்தது?" என்றார் ரமேஷ்.

மஞ்சுளா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"யாரும் குடுக்கல சார். வழில கெடந்திச்சு. யாரோ தவற விட்டுட்டாங்கன்னு எடுத்துகினு வந்தேன்."

மூன்று வில்லைகளும், ஒரே கம்பெனி ஆட்களுடையவை, ஒரே இடத்தில் கிடந்தனவாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சொல்லும் பொய். தன் வேலை கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, அப்போதும் என்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றாள்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? உடனே முன்னால் போய் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன் என்றா?

இல்லை. சும்மா நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். இரண்டு நிமிடம் முன்னால்தான் மைக்கில் ஒழுங்கைப் பற்றிப் பேசியிருந்தேன், எதிரே அத்தனை பேர், ரமேஷ் போட்டோவை குரூப்பில் போட்டும் ஆகிவிட்டது. வழியில் கிடந்தது என்றே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வந்ததற்காக இன்றும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை. காவ்யா திரையில் ஒவ்வொரு பெயராக அழிக்க ஆரம்பித்தார். முதலில் என் பெயர், அடுத்து தங்கபாண்டி, அடுத்து பசவராஜ். நான்காவது பெயரின்மேல் அவர் விரல் போனபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

"நான்தான் கொடுத்தேன்."

அவ்வளவு சின்னக் குரலில் நான் எதையும் சொன்னதில்லை. ரமேஷ் என்னையும் மெடலையும் மாறி மாறிப் பார்த்தார். மெடலைக் கழற்றிக் காவ்யாவின் கையில் வைத்தேன், பரிசுக் கோப்பையையும். தங்கபாண்டி இட்லித் தட்டோடு வந்து தன் மெடலையும் வைத்தான். பசவராஜ் வைத்தார்.

"சரி சார், ஆனா ரூல் ரூல்தானே" என்றார் காவ்யா. "அவளும் எடுத்துக்கிட்டுதானே ஓடினா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தொழில் ஒன்றுதான். அதையே பேசினேன். "மேடம், எங்க லைன்ல ஒரு டிரேல நாலு பீஸ் வரும். மூணு ரிஜெக்ட், ஒண்ணு நல்ல பீஸ்னா டிரேயோட தூக்கிக் குப்பைல போடமாட்டோம். அளந்து பார்த்துப் பிரிப்போம். நீங்க அளந்துட்டீங்க, போட்டோ இருக்கு, அவ ஓடியிருக்கா. சிவப்பு ஸ்டிக்கர் எங்க மூணு பேருக்கு."

காவ்யா யோசித்தார். "எழுதிக் கொடுங்க. நடந்ததை நடந்த மாதிரி. அப்புறம் பார்க்கிறேன்."

என் நம்பர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். தொழிற்சாலைக்காரர்களுக்குத் தெரியும், ஒரு குறை வந்தால் அதற்கு ஒரு படிவம் உண்டு. பிரச்சினை என்ன, மூலகாரணம் என்ன, என்ன சரிசெய்யப் போகிறாய். 'பிரச்சினை: ஒருவர் ஓடி நால்வர் வந்து சேர்ந்தது. மூலகாரணம்: விதிமுறை பற்றிய புரிதல் குறைவு' என்று எழுதி நீட்டினேன்.

ரமேஷ் வாங்கிப் படித்தார். "சார், ஒரு ஆபரேட்டர் இப்படி எழுதிட்டு வந்தா நீங்க ஏத்துப்பீங்களா?"

ஏற்கமாட்டேன். கிழித்துப் போட்டுவிட்டு 'ஐந்து ஏன்' எழுதிக்கொண்டு வா என்பேன். ஒரு காரணத்துக்கு ஏன் என்று கேட்க வேண்டும், அந்தப் பதிலுக்கும் ஏன் என்று கேட்க வேண்டும், அப்படி ஐந்து முறை தோண்டினால் அடியில் இருப்பதுதான் மூலகாரணம். எத்தனை ஆபரேட்டர்களை இதில் அழவைத்திருக்கிறேன்.

எழுதினேன். ஏன் ஒரே ஆளிடம் நான்கு சிப்? நாங்கள் கொடுத்தோம். ஏன் கொடுத்தோம்? எங்களால் ஓட முடியாது. ஓட முடியாதவர்கள் ஏன் பெயர் கொடுத்தோம்? காம்ப்-ஆஃப். ஓடுவதற்கு எங்கள் கம்பெனியிலிருந்து பதினெட்டுப் பேர் வந்திருக்க, ஏன் மஞ்சுளாவிடம் கொடுத்தோம்?

வேகமாக ஓடுவாள் என்பதாலா? வேகமாக ஓடுகிற ஆண்பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் 'போங்க சார்' என்று சிரித்திருப்பார்கள்.

நான்காவது பதில்: அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

ஏன் முடியாது? அவள் கான்ட்ராக்ட். அவள் பீஸுக்குப் பச்சை ஸ்டிக்கரா சிவப்பு ஸ்டிக்கரா என்று முடிவு செய்கிறவன் நான்.

ஐந்து ஏன் முடிந்துவிட்டது. தங்கமான பிள்ளை என்று நான் நினைத்தேனே, அதன் அடியில் இருந்தது இதுதான். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். சரிசெய்யும் நடவடிக்கை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ஒரு வேகத்தில், 'மூவரும் இதே பத்து கிலோமீட்டரை ஓடி முடிப்போம், மஞ்சுளா சரிபார்ப்பார்' என்று எழுதிவிட்டேன். தங்கபாண்டி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... உசிலம்பட்டியில் அப்படிப் பார்த்தால் அடுத்தது அருவாள்தான்.

காவ்யா இரண்டு முறை படித்தார். நான்காவது பெயரை அழிக்காமல் மடிக்கணினியை மூடினார். எங்கள் பிரிவில் முதல் பரிசு, எனக்கு அடுத்து வந்த, அதாவது உண்மையிலேயே முதலில் வந்த பாகலூர் விவசாயி ஒருவருக்குப் போனது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் கம்பெனி? அது காவ்யாவின் கையில் இல்லை. ரமேஷ் என் அட்டையை மேலிடத்துக்கு அனுப்பினார். எங்கள் மூவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் மறுநாளே வந்துவிட்டது. மஞ்சுளா விஷயத்தில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. நான்கு நாள் மூன்றாகி, இரண்டாகி, ஒன்றானது. அந்த நாட்களில் அவள் பீஸை நான் அளக்கவில்லை, வேறு ஒருவரை அளக்கச் சொன்னேன். அவள் எதிரே நிற்க முடியவில்லை.

கடைசி நாள் மதியம் ரமேஷ் கேன்டீனுக்கு வந்தார்.

"மேனேஜ்மென்ட்ல ஒரே ஒரு கேள்விதான் சார் கேட்டாங்க. மூணு பேரைத் தூக்கிக்கிட்டே நாப்பத்தெட்டு நிமிஷம்னா, தனியா விட்டா எவ்வளவுன்னு."

மஞ்சுளா இப்போது கம்பெனி ரோல். காலை பயிற்சி, அப்புறம் லைன். அவளுக்குச் செய்தி சொன்னபோது சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் அம்மாவுக்குப் போன் செய்தாள். தெலுங்கில் என்னவோ சொன்னாள், பாதியில் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அதில் பங்கு கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதால் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மைதானம். பனியன் கிடையாது, பாய் கிடையாது, விசில் கிடையாது. நாங்கள் மூன்று பேர், சரிபார்க்க மஞ்சுளா, கூடவே பேரிகை நாய் ஒன்று. டீக்கடைத் திருப்பத்தில் கடைக்காரர் போண்டாவைத் தூக்கிக் காட்டினார், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினோம். தக்காளி டெம்போ ஹாரன் அடித்து வேகத்தைக் குறைத்தது. பசவராஜ் கன்னடத்தில் டிரைவரைத் திட்டினார். கொள்ளு வயல் பக்கம் என் மூச்சு எனக்கே கேட்டது. ஆறாவது கிலோமீட்டரில் தங்கபாண்டி உட்கார்ந்துவிட்டான், எழுப்பினோம். எட்டாவதில் நான் உட்கார்ந்தேன், எழுப்பினார்கள். ஓட்டம் என்று சொன்னாலும் பாதி நடைதான், மறைப்பதற்கில்லை. மஞ்சுளா பத்து கிலோமீட்டரையும் எப்போதோ முடித்துவிட்டுத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நோட்டோடு நின்றிருந்தாள்.

ஒரு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம்.

வைன் கிடையாது, போட்டோ எடுக்க ஆள் கிடையாது. ரோட்டோரப் புல்லில் மல்லாந்து விழுந்தேன். மஞ்சுளா நோட்டுக்குள் வைத்திருந்த கம்பெனிப் படிவத்தில் எங்கள் நேரத்தை எழுதி, என் தலைமாட்டில் குனிந்து பேனாவை நீட்டினாள். ஓடியவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து — இரண்டு கட்டம்.

கையைத் தூக்கத் தெம்பில்லை. "ரெண்டையும் நீயே போட்டுடும்மா" என்றேன்.

"என்னுத நான் போட்டுட்டேன் சார்" என்றாள் மஞ்சுளா. "உங்களுத நீங்கதான் போடணும். நான் போடமாட்டேன்."

எழுந்து உட்கார்ந்து போட்டேன்.